நூறு சதவீதம் என்றால் நூற்றுக்கு நூறா? ‘கிரெகரிஸ் கேர்ள்’ வழியாக விமர்சன வரவேற்பைப் புரிந்துகொள்ளுதல்

“விமர்சன ரீதியாகப் பெரும் வரவேற்பைப் பெற்ற சுயாதீனத் திரைப்படம்” என்று ஒரு படத்தைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இந்த வரியில் உள்ள இரண்டு முக்கியமான சொற்களையுமே பெரும்பாலோர் பிழையாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சுயாதீனம் என்றால் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட, மெதுவாக நகரும், சோகமான படம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. வரவேற்பு என்றால் இணையத்தில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் ஒரு சதவீதம் என்று இன்னொரு எண்ணம் இருக்கிறது. 95 என்று இருந்தால் அதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு, 78 என்று காட்டும் படத்தைவிட அது உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஒரே ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் இந்த இரண்டையும் தெளிவாக விளக்கிவிடலாம் என்று நம்புகிறேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பில் ஃபோர்சைத் எழுதி இயக்கி, 1981-இல் பிரிட்டனில் திரைக்கு வந்த ‘கிரெகரிஸ் கேர்ள்’ என்ற பள்ளிக்கூட நகைச்சுவைப் படம்தான் அது. பதின்ம வயதினரைப் பற்றிய நகைச்சுவைப் படங்களை விமர்சகர்கள் பொதுவாக மதிப்பதில்லை. அப்படிப்பட்ட வகையில் பிறந்த ஒரு சின்னப் படம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அன்போடு பேசப்படுகிறது. அந்த அன்பு எப்படி உருவானது, எண்களில் அது எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியாமல் போகிறது என்பதைப் பார்ப்போம்.

படத்தில் என்ன நடக்கிறது

கிளாஸ்கோ நகருக்கு அருகில், 1950-களில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட கம்பர்நால்ட் என்ற புதுநகரம்தான் கதைக்களம். அங்குள்ள பள்ளியின் கால்பந்து அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறது. பயிற்சியாளர் புதிய ஆட்டக்காரர்களைத் தேடும்போது டாரதி என்ற மாணவி வந்து நிற்கிறாள். வந்திருக்கும் பையன்கள் எல்லாரையும்விட அவள்தான் நன்றாக ஆடுகிறாள். அவளுக்கு இடம் கொடுப்பதற்காக, முன்கள வீரனாக இருந்த கிரெகரி கோல்காப்பாளனாக மாற்றப்படுகிறான். தன் இடத்தை எடுத்துக்கொண்டவள்மீதே அவனுக்குக் காதல் வந்துவிடுகிறது. கிரெகரியாக ஜான் கார்டன் சின்க்ளேரும், டாரதியாக டீ ஹெப்பர்னும், சூசனாகக் கிளேர் குரோகனும் நடித்திருக்கிறார்கள்.

கதை இவ்வளவுதான். படத்தின் உயிர் கதைக்கு வெளியே இருக்கிறது. பள்ளியின் தாழ்வாரத்தில் பென்குயின் வேடம் போட்ட ஒருவர் அவ்வப்போது நடந்து போகிறார்; யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சமையல் வகுப்பில் ஒரு பையன் மாவு பிசைவதை ஒரு கலைஞனின் கவனத்தோடு செய்கிறான். காதலில் தடுமாறும் கிரெகரிக்கு ஆலோசனை சொல்வது அவனுடைய பத்து வயதுத் தங்கை. பெண்கள் அதிகமாக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட இரண்டு பையன்கள், வழியில் போகும் வண்டிகளை மறித்து ஏறி வெனிசுவேலாவின் தலைநகரான கராகஸுக்கே போய்விடலாம் என்று கிளம்புகிறார்கள். கையில் பிடித்திருக்கும் அட்டையில் ஊர்ப் பெயரைக்கூடப் பிழையாக எழுதியிருக்கிறார்கள்.

கடைசிப் பகுதியில், டாரதியைச் சந்திக்கப் போன கிரெகரியை அவளுடைய தோழிகள் ஒருவர் கை மாற்றி ஒருவராக அழைத்துப்போய், அவனை உண்மையாகவே விரும்பும் சூசனிடம் கொண்டு சேர்த்துவிடுகிறார்கள். பூங்காவில் இருவரும் புல்தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கைகளை மட்டும் அசைத்து ஆடுகிறார்கள். பூமி வேகமாகச் சுற்றுகிறது, பிடியை விட்டால் விழுந்துவிடுவோம் என்று கிரெகரி சொல்ல, அவளும் அதை நம்பியதுபோல் ஆடுகிறாள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் என் முகத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது. சத்தமாகச் சிரிக்க வைக்கும் நகைச்சுவை அல்ல இது. விமர்சன எண்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு நமக்குத் தேவைப்படும்.

சுயாதீனம் என்பது யாரிடமிருந்து?

வீடு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் கட்டுநரிடம் வீடு வாங்கினால் பணம், திட்டம், கதவின் நிறம் எல்லாம் அவர் கையில் இருக்கும். சொந்த மனையில், சீட்டுப் பணம், நகைக் கடன், அண்ணன் கொடுத்த தொகை என்று சேர்த்துக் கட்டினால் வேலை இழுத்துக்கொண்டே போகும்; ஆனால் சமையலறை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். அப்படிக் கட்டிய வீடு சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்றோ, பழைய பாணியில்தான் இருக்க வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை.

சுயாதீனத் திரைப்படம் என்பதும் இதுவே. பிரிட்டனில் இந்தச் சொல், ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்களுடைய பணமும் படைப்புக் கட்டுப்பாடும் இல்லாமல் எடுக்கப்பட்ட படத்தைக் குறிக்கிறது. ஹாரி பாட்டர் படங்களில் நடிகர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷார். படப்பிடிப்பும் பெரும்பாலும் பிரிட்டனிலேயே நடந்தது. ஆனாலும் அவை சுயாதீனப் படங்கள் அல்ல. அவற்றின் பின்னால் வார்னர் பிரதர்ஸ் இருந்தது. ஆக, இந்தச் சொல் படத்தின் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. படத்தின் சுவையைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை.

‘கிரெகரிஸ் கேர்ள்’ கதையை ஃபோர்சைத் முன்பே எழுதி வைத்திருந்தார், பணம் கிடைக்கவில்லை. அதனால் கிளாஸ்கோ இளைஞர் நாடகக் குழுவைச் சேர்ந்தவர்களை வைத்து மிகமிகக் குறைந்த செலவில் ‘தட் சிங்க்கிங் ஃபீலிங்’ என்ற வேறொரு நகைச்சுவைப் படத்தை முதலில் எடுத்தார். வேலையில்லாத இளைஞர்கள் சமையலறைத் தொட்டிகளைத் திருடக் கிளம்பும் கதை அது. 1979-இல் வந்த அந்தப் படம் கவனிக்கப்பட்ட பிறகுதான் அடுத்ததற்குப் பணம் வந்தது. அரசு ஆதரவில் இயங்கிய தேசியத் திரைப்பட நிதிக் கழகமும் ஸ்காட்டிஷ் டெலிவிஷனும் பங்களிக்க, சுமார் 2 லட்சம் பவுண்டில் ‘கிரெகரிஸ் கேர்ள்’ உருவானது. பென்குயினைக் கதையிலிருந்து நீக்கச் சொல்லும் மேலிடம் எதுவும் இருக்கவில்லை என்பது, பார்வையாளனாக எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், சுயாதீனம் என்பது பண மூலத்தையும் கட்டுப்பாட்டையும் குறிக்கும் சொல். நகைச்சுவைப் படமும் சுயாதீனமாக இருக்கலாம். பெரும் வசூல் செய்யும் படமும் இருக்கலாம்.

வரவேற்பு என்ற சொல்லுக்குள் இருப்பது

விமர்சன வரவேற்பு என்பது, ஒரு படத்தைப் பற்றித் தொழில்முறை விமர்சகர்கள் எழுதியதும் பேசியதும், விருதுக் குழுக்கள் முடிவு செய்ததும், பின்னாளில் பட்டியல்களும் நூல்களும் அதற்குக் கொடுத்த இடமும் சேர்ந்த மொத்தம். பார்வையாளர்கள் கொடுத்த ஆதரவு இதில் சேராது. அது வசூலில் தெரியும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நகரும் என்று எதிர்பார்க்கக் காரணம் எதுவும் இல்லை.

பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் ஒருவர் “நன்றாக இருந்தது” என்பார். இன்னொருவர் “சாம்பார் அருமை, பாயசத்தில் இனிப்பு தூக்கல், பரிமாறிய வேகம் பிடிக்கவில்லை” என்பார். விமர்சனம் இந்த இரண்டாமவருடைய பதிலைப் போன்றது. அந்தப் பதிலை ஒரே சொல்லாகச் சுருக்கச் சொன்னால் அவர் தயங்குவார். கட்டாயப்படுத்தினால் “நன்றாக இருந்தது” என்றுதான் சொல்வார். இணையத்தில் நாம் பார்க்கும் சதவீதம் இந்தக் கட்டாயத்திலிருந்துதான் பிறக்கிறது.

சதவீதம் எதை எண்ணுகிறது

பல விமர்சனங்களை ஓரிடத்தில் சேர்த்து அவற்றிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டுத் தரும் இணையதளத்தைத் திரட்டுத் தளம் என்று சொல்லலாம். இவற்றில் பரவலாக அறியப்பட்டது, 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ். அதன் முறை மிக எளிது. ஒவ்வொரு விமர்சனமும் ஒட்டுமொத்தமாகப் படத்துக்குச் சாதகமா, பாதகமா என்று இரண்டில் ஒன்றாகப் பிரிக்கப்படுகிறது. மொத்த விமர்சனங்களில் சாதகமானவை எத்தனை சதவீதம் என்பதே அங்கே பெரிய எழுத்தில் தெரியும் எண். அது 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிவப்புத் தக்காளி. குறைந்தால் நசுங்கிய பச்சைத் தக்காளி.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெகு நாளாகப் பழக்கமான ஒரு எண் இருக்கிறது: பள்ளியின் தேர்ச்சி விகிதம். பத்தாம் வகுப்பில் ஒரு பள்ளி 100 சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் தட்டி வைத்தால், எல்லா மாணவர்களும் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள் என்று எந்தப் பெற்றோரும் நினைப்பதில்லை. எல்லாரும் 35-ஐத் தாண்டினார்கள் என்பதே பொருள். அத்தனை பேரும் 40 வாங்கியிருந்தாலும் அது 100 சதவீதத் தேர்ச்சிதான். பக்கத்துப் பள்ளியில் பாதிப் பேர் 95-க்கு மேல் வாங்கி, சிலர் தோற்றிருந்தால் அங்கே விகிதம் குறையும். தட்டியில் உள்ள எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிந்த நாம், திரைப்படத்தின் எண்ணைப் படிக்கும்போது மட்டும் தடுமாறுகிறோம்.

கற்பனையாக இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். முதல் படத்துக்குப் பத்து விமர்சகர்களும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்து, பார்க்கலாம் என்கிறார்கள். பத்தும் சாதகம், விகிதம் 100 சதவீதம். இரண்டாவது படத்தை ஏழு பேர் தலையில் வைத்துக் கொண்டாடி ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறார்கள். மூன்று பேர் பிடிக்கவில்லை என்று இரண்டு கொடுக்கிறார்கள். விகிதம் 70 சதவீதம். ஆனால் நட்சத்திரங்களின் சராசரியைப் பார்த்தால் முதல் படத்துக்கு 3, இரண்டாவதற்கு 4.1. சதவீதத்தை மட்டும் பார்த்தவர் முதல் படத்துக்குப் போவார். இரண்டாவது படம் அவருடைய வாழ்நாள் படமாகவே இருந்திருக்கலாம்.

2001-இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் என்ற தளம் வேறு வழியில் போகிறது. அது ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, எடையிட்ட சராசரி எடுக்கிறது. எடையிட்ட சராசரி என்றால், சில பத்திரிகைகளின் கருத்துக்கு மற்றவற்றைவிட அதிகப் பங்கு கொடுத்துக் கணக்கிடும் சராசரி. அதனால் ஒரே படம் ஒரு தளத்தில் 90-க்கு மேலும் இன்னொன்றில் 70-க்குப் பக்கத்திலும் இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. முதல் எண் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதற்கான பதில். இரண்டாவது எண் எவ்வளவு பிடித்தது என்பதற்கான பதில்.

பழைய படங்களின் எண்ணில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கிரெகரிஸ் கேர்ள்’ வெளியாகிப் பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான் ராட்டன் டொமேட்டோஸே பிறந்தது. அன்றைய நாளிதழ்களில் அச்சான விமர்சனங்களில் ஒரு பகுதிதான் இத்தகைய தளங்களுக்குள் வந்து சேர்கிறது. எஞ்சியவை டிவிடியிலோ மறுவெளியீட்டிலோ பார்த்தவர்கள் பிற்காலத்தில் எழுதியவை. முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு படத்தைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதுகிறவர் பெரும்பாலும் அதை நேசிக்கிறவராகத்தான் இருப்பார். எண்ணிக்கையும் குறைவு. இருபது விமர்சனங்கள் மட்டும் இருந்தால் ஒரே ஒரு பாதகமான விமர்சனம் விகிதத்தை ஐந்து புள்ளிகள் இறக்கும்; முந்நூறு இருந்தால் அதே ஒன்று அரைப் புள்ளிகூட இறக்காது. எனவே ஒரு பழைய படத்தின் சதவீதத்தையும் இந்த வாரம் வெளியான படத்தின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயன் இல்லை.

சுருங்கச் சொன்னால், சதவீதம் என்பது சாதகமான விமர்சனங்களின் விகிதம், மதிப்பெண் அல்ல. யாருக்கும் தொந்தரவு தராத, ஓரளவு நல்ல படத்துக்கும் அது மிக உயர்ந்த எண்ணைத் தந்துவிடும்.

பதின்ம வயது நகைச்சுவை ஏன் தனி வழக்கு

நகைச்சுவையை மதிப்பிடுவது கடினம். பதின்ம வயதினருக்கான நகைச்சுவையை மதிப்பிடுவது இன்னும் கடினம். படம் பார்ப்பவர்களுக்கு பதினாறு வயது. எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியிருக்கும். இதற்குத் தெளிவான உதாரணம், 2011 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியான ‘தி இன்பிட்வீனர்ஸ் மூவி’. தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலிருந்து பிறந்த இந்தப் படத்தில், பள்ளிப் படிப்பை முடித்த நான்கு நண்பர்கள் கிரேக்கத் தீவு ஒன்றுக்கு விடுமுறைக்குப் போகிறார்கள். பேச்சில் பச்சை நெடி அதிகம். இதுவும் சுயாதீனப் படம்தான். சேனல் 4 தொலைக்காட்சியின் திரைப்படப் பிரிவான ஃபிலிம்4 இதன் பின்னால் இருந்தது. சுமார் 35 லட்சம் பவுண்டில் எடுத்த படம், பிரிட்டனில் மட்டும் சுமார் 4.5 கோடி பவுண்ட் வசூலித்தது. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சிலர் நண்பர்களுக்கு இடையிலான பாசத்தைப் பாராட்டினார்கள், சிலர் கொச்சை என்று ஒதுக்கினார்கள். திரையரங்குகளில் இடம் கிடைக்காமல் நின்ற இளைஞர்களுக்கு அந்த வாதம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

‘கிரெகரிஸ் கேர்ள்’ விமர்சகர்களை எளிதாக வென்றதற்கும் காரணம் இதே வயது இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அது பதினாறு வயதுக்காரனின் சிரிப்பைத் தூண்டும் படம் அல்ல. பதினாறு வயதைக் கடந்துவிட்டவர், அன்றைய தன்னை நினைத்துப் புன்னகைக்கும் படம். கிரெகரியின் தடுமாற்றத்தைப் படம் கேலி செய்வதில்லை. நீண்ட கைகால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் அந்தப் பையனைப் பரிவோடு பார்க்கிறது. நாற்பது வயது விமர்சகருக்கு அது தன் பழைய புகைப்படத்தைப் பார்ப்பதுபோல் இருந்திருக்கும். ஆகவே ஒரு படத்துக்கு நல்ல விமர்சனம் வந்தது என்று கேள்விப்பட்டால், அது யாருக்காக எடுக்கப்பட்டது, யார் எழுதினார்கள் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெளியீட்டு வாரத்துக்குப் பிறகு

வரவேற்பு முதல் வாரத்தோடு முடிவதில்லை. 1982-இல் நடந்த பாஃப்டா விழாவில், அதாவது பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் விருது விழாவில், சிறந்த திரைக்கதைக்கான விருது ஃபோர்சைத்துக்குக் கிடைத்தது. அந்த விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’. அதன் திரைக்கதையும் அதே பிரிவில் போட்டியிட்டுத் தோற்றது. ஆனால் அதே ஆண்டு அமெரிக்காவில் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வென்றது அந்தத் திரைக்கதைதான். வரவேற்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. அமெரிக்காவில் ‘கிரெகரிஸ் கேர்ள்’ வெளியானபோது ஸ்காட்லாந்துப் பேச்சு அங்குள்ளவர்களுக்குப் புரியாது என்று அஞ்சி, உச்சரிப்பை மென்மையாக்கிக் குரலை மறுபதிவு செய்தார்கள். ஆக, இரண்டு நாட்டு விமர்சகர்களும் கேட்டது ஒரே குரலை அல்ல.

1999-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், இருபதாம் நூற்றாண்டின் சிறந்த 100 பிரிட்டிஷ் படங்களின் பட்டியலை வெளியிட்டது. ‘கிரெகரிஸ் கேர்ள்’ அதில் 30-ஆம் இடத்தில் இருந்தது. அதே 1999-இல்தான், வளர்ந்து ஆசிரியராகிவிட்ட கிரெகரியைப் பற்றிய ‘கிரெகரிஸ் டூ கேர்ள்ஸ்’ வந்தது. அதே இயக்குநர், அதே நடிகர். முதல் படத்துக்குக் கிடைத்த அன்பில் சிறு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை.

ஒரு படத்தைப் பல ஆண்டுகள் கழித்து, மாறிய காலத்தின் கண்ணோடு மீண்டும் எடைபோடுவதை மறுமதிப்பீடு என்கிறோம். இந்தப் படத்தில் அது இரண்டு திசைகளில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1921-இல் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்குத் தடை விதித்தது. அந்தத் தடை நீங்க 1971 வரை ஆனது. ஸ்காட்லாந்தில் அங்கீகாரம் கிடைக்க அதைவிடவும் சில ஆண்டுகள் கூடுதலாயின. அந்தச் சூழலில், ஒரு பெண் பையன்களின் அணிக்குள் நுழைந்து அவர்களைவிட நன்றாக ஆடுவதைச் சண்டையோ பிரசங்கமோ இல்லாமல் இயல்பாகக் காட்டியது எவ்வளவு துணிச்சல் என்பது, பெண்கள் கால்பந்துக்கு அரங்குகள் நிரம்பும் இன்று இன்னும் நன்றாகத் தெரிகிறது. படத்தின் முதல் காட்சியிலோ, பையன்கள் கூட்டமாக ஒளிந்து நின்று, உடை மாற்றும் ஒரு செவிலியை ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அன்று குறும்பாக எடுத்துக்கொள்ளப்பட்ட அந்தக் காட்சியை இன்று பார்ப்பவருக்கு நெருடுகிறது, எனக்கும் நெருடுகிறது.

இன்று இந்தப் படத்தைப் பற்றி எழுத உட்காரும் விமர்சகர் இந்த இரண்டையும் எழுதுவார்: முதல் காட்சியைப் பற்றிய வருத்தத்தை ஒரு பத்தியில், டாரதி பந்தோடு ஓடுவதைப் பற்றிய மகிழ்ச்சியை இன்னொரு பத்தியில், புல்தரை நடனத்தைப் பற்றி முடிந்தவரை நீளமாக. அந்த விமர்சனம் திரட்டுத் தளத்துக்குள் போகும்போது, இரண்டு கூடைகளில் ஒன்றில் விழுந்தாக வேண்டும். அநேகமாக அது சாதகம் என்ற கூடையில்தான் விழும். முதல் காட்சியைப் பற்றி அவர் எழுதிய பத்திக்கு அந்தச் சதவீதத்தில் இடம் இருக்காது.